சித்தி மகள் என்று சொல்லி வைத்தோம்

2025 ஜூலை 7, திங்கள்

கம்பெனி பஸ் வாலாஜாபாத் தாண்டும்போது மெயில் பார்த்தேன். மருத்துவக் காப்பீட்டில் இனி நம்மோடு வாழும் துணையையும் சேர்க்கலாமாம், பெண்ணுக்குப் பெண் துணையானாலும் சரி. தலைமை அலுவலகம் இருக்கும் நாட்டில் அப்படிச் சட்டம் இருக்கிறதாம். இங்கே சட்டம் எங்களைத் தம்பதி என்று ஒப்புக்கொள்ளாது. கம்பெனி மட்டும் ஒப்புக்கொள்ளும். அப்படியென்றால் ஒரகடம் கம்பெனியில் நான் ஒருத்தி, சின்ன காஞ்சிபுரம் வீட்டில் வேறொருத்தியா?

என்னோடு வாழும் மதுவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் அவளுக்கு, வேலை செய்யும் கடையில் சம்பளம் தவிர வேறொன்றும் கிடையாது.

ஜூலை 8

மதுவிடம் சொன்னேன். "உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே ஷாரு?" என்றாள். தெரிந்தால் என்ன என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொண்டேன். பயமாக இருக்கிறது.

ஜூலை 14

மதுவின் பெயரைக் கொடுத்துவிட்டேன். எச்.ஆர். தினகரன் சார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஒரே வீட்லதான் இருக்கீங்களான்னு வந்து விசாரிப்பாங்கம்மா, அவ்ளோதான்" என்றார்.

ஜூலை 22

எல்லாம் பாழ். விசாரிக்க வந்தவரிடம் எங்கள் வீட்டுக்கார அம்மா, ஏலவார்குழலி அக்கா, "அக்கா தங்கச்சிங்கபா. சித்தி பொண்ணு. மூணு வருசமா இருக்குதுங்க, ஒரு வம்பு கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். சகோதரிக்குக் காப்பீடு இல்லை.

குடிவரும்போது நாங்கள் சொன்ன பொய்தானே! ஷாரோனுக்கும் மதுமிதாவுக்கும் எந்த ஊரில் சித்தி என்று அக்கா ஒரு நாளும் கேட்டதில்லை. நிஜமாகவே நம்பினாரா? காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னாரா?

ஜூலை 23

இன்னொரு முறை விசாரிக்கச் சொல்கிறேன் என்கிறார் தினகரன் சார். அக்காவிடம் உண்மையைச் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் ஆபரேஷன் — கர்த்தரே, இதுல என்ன யோசனை, போய்ச் சொல்லித் தொலை!

ஜூலை 24

சொன்னேன். அக்கா தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். கை நின்றது. "இத எங்கிட்ட ஏம்மா சொல்ற?" என்றார். அந்த ஆள் திரும்பக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். அக்கா மறுபடி இழையைக் கையில் எடுத்தார்.

ஜூலை 30

சொல்லிவிட்டார்! ஒப்புதல் வந்துவிட்டது.

நன்றி சொல்லப் போனேன். "உள்ளதச் சொன்னேம்மா. ஆனா எம்பொண்ண பாக்க ஆளுங்க வந்துக்கினு இருக்காங்க. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. வேற வூடு பாத்துக்குங்க" என்றவர் அழுதுவிட்டார். நானும் அழுதேன். இவர் மேல் கோபப்படுவதா, காலில் விழுவதா?

ஆகஸ்ட் 19

ஆபரேஷன் முடிந்தது. சாதாரணக் கட்டிதான்.

செப்டம்பர் 14

ஏனாத்தூரில் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் பெயர் கமல். "ரெண்டு பேரும் என்ன உறவும்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மது, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஒண்ணா வாழ்றோம் சார். புருசன் பொண்டாட்டி மாதிரி" என்று சொல்லிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். மேலே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். "மோட்டார் காலைல ஒருவாட்டிதான் போடுவேன்" என்றார்.

சாவி என் பையில் இருக்கிறது. அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. மது வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள், தையல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே.