உன் ஞானத்தகப்பனுக்கு எதிராக நான் சொன்ன சாட்சி

என் அன்பு ரலித்சா,

நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே சுகமாயிருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. பேப்பரில் பார்த்து நீ பதறுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் மிளகாய் சுட்டு ஜாடியில் அடைத்துக்கொண்டிருந்தேன். டிவியில், நிதிக் கண்காணிப்பு வாரியத்தின் தலைவராக ஆளுங்கட்சி நிறுத்தும் ஆள் என்று க்ராசிமிரின் படத்தைக் காட்டினார்கள். ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்தியவர், நான் முப்பது வருஷம் வேலை பார்த்த அதே வாரியத்துக்கு. அப்பா சந்தோஷமாகப் பிராந்தி ஊற்றினார். நான் கோப்பையைத் தொடவில்லை, ஏனென்றால் அப்பாவிடமும் நான் சொல்லாத ஒன்று இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஓர் ஓய்வூதிய நிறுவனம் கவிழ்ந்து, நம் கீழ்வீட்டு மிங்கா டீச்சரின் சேமிப்பெல்லாம் போயிற்றே, அந்த நிறுவனத்தின் வக்கீல் க்ராசிமிர். அங்கே பணம் கரைகிறது என்று அறிக்கை எழுதியவள் நான். எல்லாம் சரிசெய்துவிடுவார்கள், ஒரு வாரம் மட்டும் மேலே அனுப்பாதே என்று வந்து கேட்டார். உறவாயிற்றே என்று வைத்திருந்தேன். அந்த வாரத்தில்தான் முதலாளிகள் மிச்சத்தையும் வெளிநாட்டுக்குக் கடத்தினார்கள்.

நீங்களே விலகிக்கொள்ளுங்கள் என்று போனில் கெஞ்சினேன். சிரித்தார். "அதெல்லாம் யாருக்கு ஞாபகமிருக்கு ஸ்வெத்லா? நீ வாயத் திறந்தா மொதல்ல மாட்டுறது நீதான்" என்றார். உன்னைத் தூக்கிக் கொஞ்சிய வாயா இது என்றிருந்தது. பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே காரை எடுத்து சோஃபியாவுக்குக் கூட்டிப்போனார். அவர் நியமனத்தை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழுவின் முன், க்ராசிமிரும் அங்கே உட்கார்ந்திருக்க, நின்று நடந்ததைச் சொன்னேன். அப்படியென்றால் நீங்களும் கூட்டுதானே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். "ஆமா, வச்சிருந்தது நான்தான். வைக்கச் சொன்னது இவரு. இனிமே எல்லா அறிக்கையும் இவர் மேஜைக்குத்தான் வரும், அதை யோசிச்சுக் கை தூக்குங்க" என்றேன். க்ராசிமிர் என் பக்கம் திரும்பவேயில்லை. அன்று மாலையே கட்சி அவர் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஜெயித்த மாதிரியே இல்லையடி. ஊர் திரும்பியதும் மிங்கா டீச்சரின் கதவைத் தட்டி என் வாயாலேயே சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஒன்பது வருஷமா தினமும் படியில நின்னு என்கிட்ட சுகம் விசாரிச்சியே" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். க்ராசிமிர் போனில் மிரட்டியபோதுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை.

வியாழக்கிழமை அரசு வக்கீல் அலுவலகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அங்கேயும் இதையேதான் சொல்லப் போகிறேன். நீ லீவு போட்டு ஓடிவராதே. ஞானத்தகப்பனோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். என்மேல் கோபம் வந்தால் அதையும் மறைக்காமல் எழுது, நான் தாங்கிக்கொள்வேன். வேளைக்குச் சாப்பிடு. தேவமாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் அம்மா,
ஸ்வெத்லா