நாலில் ஒரு பங்கு மழை

18 அக்டோபர் 1982

குன்னூரிலிருந்து மழை அளக்கும் கண்ணாடி வந்துவிட்டது. ஜூலையில் உடைந்ததற்கு அக்டோபரில் பதில். எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்கு வேண்டியது. பார்சலைப் பிரிக்காமலே ஜீப்பில் ஏற்றிவிட்டேன். தினமும் ஜீப்பில் மேலே போகிறவன் ஹெட் கிளார்க் சில்வஸ்டர். பி.யு.சி.யைத் தாண்டாதவன். பௌதிகத்தில் பட்டம் வாங்கிய நான் ஆறு வருடமாக அவனுக்குக் கீழே பதிவேடு எழுதுகிறேன்.

23 அக்டோபர்

இந்த எஸ்டேட்டில் எதற்குத்தான் அளவு இல்லை? கொழுந்துக்குத் தராசு. இலை வாட்டும் மாடிக்கு வெப்பமானி. டீயின் ருசிக்குக்கூட வாயில் ஊற்றித் துப்பிவிட்டுப் பத்துக்கு இத்தனை என்று மார்க். எங்களுக்கு ஏ முதல் ஈ வரை ஐந்து எழுத்து, அதற்கு ரகசிய அறிக்கை என்று பெயர். எனக்கு சி. தராசையாவது வருடத்துக்கு ஒரு முறை சரிபார்த்து முத்திரை போடுகிறார்கள். எனக்கு சி போட்ட பழைய மேனேஜரை யார் சரிபார்த்தார்கள்? கேட்டால் பொறாமை என்பார்கள்.

29 அக்டோபர்

மழை பிடித்துக்கொண்டது. ஆபீஸ் முற்றத்து மழைமானியில் 160 சென்ட். நூறு சென்ட் ஒரு அங்குலம். வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு, மலையில் இன்னும் அதுதான் பேச்சு. மேல் டிவிஷனிலிருந்து வந்த சீட்டில் 42. இரண்டு மைல் தூரத்தில், நம்மைவிட எப்போதும் அதிகம் நனைகிற இடத்தில், வெறும் நாற்பத்திரண்டா?

அளந்து பார்ப்பவள் அங்கே வாசல் கூட்டுகிற பேச்சி. சீட்டு எழுதுவது சில்வஸ்டர்.

1 நவம்பர்

நேற்று இங்கே 212, அங்கே 55. இன்று இங்கே 88, அங்கே 23. நான்கில் ஒரு பங்கு. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அதே பங்கு. மழைக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது. யாரோ உட்கார்ந்து நான்கால் வகுக்கிறார்கள்.

2 நவம்பர்

ஏன் என்பதும் புரிந்துவிட்டது. மேல் டிவிஷன் தொழிலாளர் லைனில் பதினான்கு வீடு, நாற்பத்தாறு பேர், எல்லாம் சரிவுக்கு அடியில். அங்கே ஒரே நாளில் ஐந்து அங்குலம் தாண்டினால் அத்தனை பேரையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. மாற்றினால் புதுக் கன்று நடுகிற வேலை நின்றுபோகும். டிசம்பருக்குள் முடித்துத் தருவதாக மேனேஜரிடம் வாக்குக் கொடுத்தவன் யார்? சில்வஸ்டர்.

மேனேஜரிடம் இப்போது போகக் கூடாது. சீட்டுகள் சேரட்டும்.

4 நவம்பர்

பேச்சி இருமல் மருந்துக்கு டிஸ்பென்சரிக்கு இறங்கி வந்திருந்தாள். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். மடக்கிக் கேட்டேன்.

"மழையில வெளிய போய்ப் பாக்கறியா, இல்ல ஊட்டுக்குள்ள இருந்தே ஒரு நம்பர் சொல்லிடறியா?"

"வெள்ளனவே போயி பாத்துத்தாங்க ஐயா சொல்றேன். கண்ணாடியில தண்ணி எந்தக் கோட்டுல நிக்குதோ அந்த நம்பரு. எங்க அப்பா கண்டிப் பக்கம் தொரைக்கே மழை படிச்சவரு."

"நீ சொல்றதத்தான் சில்வஸ்டர் எழுதறாரா?"

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே. அவரு எழுதுறத ஐயாதானே படிக்கிறீங்க, நீங்கதான் சொல்லணும்."

சிரித்தாளா என்று சந்தேகமாக இருந்தது. போகும்போது, "லயத்துக்குப் பின்னால மண்ணு ஊறிக் கெடக்குங்க ஐயா" என்றாள். லைனைத்தான் லயம் என்கிறாள். இந்த மாதத்தில் எங்கேதான் ஊறவில்லை என்று அனுப்பிவிட்டேன்.

அவளும் உடந்தையோ?

6 நவம்பர்

மழை. இங்கே 175, அங்கே 45. சீட்டுகளைத் தனிக் கவரில் போட்டு என் மேஜையில் பூட்டி வைக்கிறேன்.

9 நவம்பர்

இங்கே 460. இருபது வருடத்தில் நான் எழுதிய பெரிய எண். மேலே 131 என்று சீட்டு. நான்கால் பெருக்கினால் 524. ஐந்தே கால் அங்குலம். வரம்பு தாண்டிவிட்டது, அதை ஒன்று புள்ளி மூன்று என்று மறைக்கிறான்.

மாட்டிக்கொண்டான்.

மேனேஜர் ஊட்டியில் மீட்டிங்கில் இருக்கிறார், நாளை வருவார். போன் போட்டால் பேசலாம். ஆனால் போட்டால் லைன் வீடுகள் காலியாகும், சில்வஸ்டர் தானே முன்னால் நின்று காலி செய்ததாகச் சொல்லிப் பேர் வாங்கிக்கொள்வான். எழுத்தில்தான் இருக்க வேண்டும். இரு பக்கம் கடிதம், பன்னிரண்டு நாள் அளவுகள் அட்டவணையாக. மேனேஜர் டிரேயில் வைத்துவிட்டு வந்தேன். பல வருடம் கழித்து நன்றாகச் சாப்பிட்டேன்.

10 நவம்பர்

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் டிவிஷனில் சரிவு இறங்கிவிட்டது. ஆறு வீடு இல்லை.

வீடுகளில் யாரும் இல்லையாம். பதினோரு மணிக்கே சில்வஸ்டர் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியிருக்கிறான். எந்த எண்ணையும் பார்த்து இல்லை. லைனின் பின்சுவருக்கு அடியில் கசிகிற தண்ணீர் திடீரென்று செம்மண்ணாகக் கலங்கி வருகிறது என்று பேச்சி ஓடி வந்து சொன்னாளாம். "எந்திரிங்க, சட்டி பானையெல்லாம் அப்பறம்" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினானாம். லைனில் இருக்கிற லிங்கசாமி மட்டும் ஆட்டை அவிழ்க்கத் திரும்பிப் போயிருக்கிறார். உத்தரம் காலில் விழுந்துவிட்டது. கோத்தகிரி ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

நான் நேத்தே போன் போட்டிருந்தா? அந்த ஆளு இந்நேரம் பள்ளிக்கூடத்துல உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பார்.

இல்லை. மறைத்தவன் அவன். நான் இல்லை.

11 நவம்பர்

மேலே போனேன். மழைமானி மேட்டில் அப்படியே நிற்கிறது. பேச்சி முந்தானைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் வேறு எதையும் எடுக்க நேரமில்லையாம்.

விளிம்புக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. மில்லிமீட்டர்.

சென்ட் இல்லை. ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய நான்கு சென்ட். நூற்று முப்பத்தொன்று மில்லிமீட்டர். ஐந்து அங்குலத்துக்கு மேல். பேச்சி படித்தது சரி, சில்வஸ்டர் எழுதியதும் சரி. யாரும் எதையும் வகுக்கவில்லை. அந்த எண்ணைச் சென்ட் என்று பதிவேட்டில் ஏற்றியவன் ஒருவன்தான். ஜூலையில் நான் எழுதிய ஆர்டரின் நகலைத் தேடி எடுத்தேன். 'மழை அளக்கும் கண்ணாடி - ஒன்று'. எந்த அளவு என்று ஒரு வார்த்தை இல்லை. அடியில் என் கையெழுத்து.

நான்கில் ஒரு பங்கு என்று பத்து நாள் முன்பே கண்டுபிடித்தேனே. எட்டாம் வகுப்புப் பையன் அலகைத்தான் முதலில் பார்ப்பான். நான் சில்வஸ்டரைப் பார்த்தேன்.

12 நவம்பர்

எல்லோரும் போன பிறகு சில்வஸ்டர் என் மேஜைக்கு வந்தான். கையில் என் கடிதம். தபால் பிரிப்பது அவன் வேலை, அது எனக்கு ஏன் தோன்றவில்லை?

"டிரேயில கெடந்துச்சுங்க சார். மேனேஜர் இன்னும் பாக்கலைங்க."

கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன். "அப்படிங்களா" என்றான். சந்தோஷப்படுவான் என்று நினைத்திருந்தேன், படவில்லை.

"அது தப்புங்க சார், யாருக்கும் வர்றதுதான். நானுந்தான் தெனமும் எழுதுனேன், பாக்கலையே. ஆனா நான் மறைக்கறேன்னு பன்னெண்டு நாளா நெனச்சீங்கல்லங்க? அங்க அஞ்சு அங்குலம் தாண்டிருச்சுன்னு இதுல எழுதியிருக்கீங்க. என்ர சட்டையப் புடிச்சாவது கேட்டிருக்கலாமுங்களே. நாப்பத்தாறு பேருங்க சார்."

கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனான்.

15 நவம்பர்

எதற்காகத் திருப்பித் தந்தான்? நாளைக்கு என்ன கேட்பான்? மூன்று நாளாக அவன் முகத்தையே பார்க்கிறேன். வழக்கம் போலத் தேதி கேட்கிறான், பசை கேட்கிறான்.

ஒன்றும் கேட்க மாட்டான் போலிருக்கிறது. அதற்கு நான் என்ன செய்வது?

20 நவம்பர்

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அடியில் மூன்று வரி சேர்த்து மேனேஜரிடம் நானே கொடுத்தேன். கண்ணாடி மில்லிமீட்டர். அதை வரவழைத்துப் பார்க்காமல் அனுப்பியவன் நான். வரம்பு தாண்டியது ஒன்பதாம் தேதியே எனக்குத் தெரியும். மூன்றாவது வரியை அவர் இரண்டு முறை படித்தார். மழைப் பதிவேட்டைச் சில்வஸ்டர் மேஜைக்கு மாற்றச் சொன்னார். என்னை என்ன செய்வது என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்பாராம்.

21 நவம்பர்

ஞாயிறு. கோத்தகிரிக்கு பஸ் ஏறினேன். லிங்கசாமியின் காலில் இடுப்பு வரை மாவுக்கட்டு.

"ஆபீஸ்காரரு வந்திருக்கீங்க. லீவுங்களா?"

அவர் அருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். மழை வரம்பு தாண்டியது முந்தின நாளே எனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று.

அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆடு பொழச்சுதுங்களா? ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார்.

பிழைத்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் கட்டியிருக்கிறது என்றேன். உண்மைதான்.

நான் சொன்னது அவருக்குக் கேட்டதா, கேட்காத மாதிரி இருந்துவிட்டாரா, தெரியவில்லை. அப்படியே எழுந்து வந்திருக்கலாம். மறுபடி சொன்னேன்.

இந்த முறை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசி பஸ் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.