கடைசிப் படகில் ஒரு பரீட்சை

நயினாதீவு
03.06.2025

கலாநிதி ஜெகதீஸ் அவர்களுக்கு,

என் சுகத்துக்குக் குறைவில்லை. இதை உமது தாயாக எழுதவில்லை. அடுத்த வீட்டு நிசாந்தினி உமது கணினி வகுப்பு மாணவி, அவளுக்காக எழுதுகிறேன். கடிதம் கொண்டுவருபவளும் அவளே.

திங்களும் வியாழனும் பல்கலைக்கழக வளாகத்தில் வகுப்பு, மற்ற நாட்களில் இணையத்தில் பாடம் என்று புதுமுறை வைத்திருக்கிறீர். நல்லது. அவள் வீட்டில் கவரேஜ் இல்லை. என் வீட்டு மண்டபத்தில் இருந்துதான் படிக்கிறாள். ஆனால் திங்கள் மாலை ஐந்தரைக்கு இணையப் பரீட்சையைத் திறந்து ஆறு மணிக்குப் பூட்டினால், அந்நேரம் அவள் கடைசிப் படகில் நடுக்கடலில் அல்லவா இருப்பாள்? இரண்டாம் கேள்வியிலேயே இணைப்பு அறுந்து பூச்சியம் விழுந்திருக்கிறது. இன்னொன்று விழுந்தால் பாடமே போய்விடும்.

இதே படகில் ஏழு வருடம் பள்ளிக்கூடம் போன உமக்கு இது எப்படி மறந்தது?

திருமதி கேதீஸ்வரி மயில்வாகனம்

---

யாழ்ப்பாணம்
05.06.2025

அன்புள்ள அம்மா,

நாலு வருடத்தில் முதற் கடிதம். ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.

பிந்தியவர்களுக்குச் சலுகை இல்லை என்பது என் விதி. நான் அதைப் படித்ததும் வீட்டில்தான். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வந்த அன்று படகைத் தவறவிட்டேன். மறுநாட் காலை வாசற் படலையில் வைத்து நீங்கள் கேட்டீர்கள்: “வாறவன் நேரத்துக்கு வந்திருக்கவேணும். இனி ஏன் வந்தனீ?”

படகால் கெட்டவர்களுக்காக நீங்கள் வாதாடுவது எனக்குப் புதிது.

ஜெகதீஸ்

---

நயினாதீவு
06.06.2025

ஜெகதீஸ்,

அன்று காற்றுக்குப் பயந்து கடைசிப் படகு இரண்டு மணிக்கே குறிகட்டுவான் துறையை விட்டு வெளிக்கிட்டது. படகோட்டி சிவபாதம் இரவே வந்து, “தம்பி துறையில நிண்டு கைகாட்டினவர், அக்கா. திருப்ப ஏலாமப் போச்சு” என்று அழுதார். உன்னைப் படலையில் கண்டபோது எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன்.

நிசாந்தினி உன் பாடங்களைப் போடும்போது நான் குசினிக்குள் அடுப்படியில் கதிரையைப் போட்டு இருப்பேன். ஒன்றும் விளங்காது. ஏழாம் பாடத்தில் இருமுகிறாய். மல்லி அவித்துக் குடி.

நான் உனக்குச் செய்ததை நீ அந்தப் பிள்ளைக்குச் செய்யாதே.

அம்மா

---

யாழ்ப்பாணம்
09.06.2025

அம்மா,

நிசாந்தினி பரீட்சையைத் திரும்ப எழுதலாம். இனிப் பரீட்சை செவ்வாய் முழுநாளும் திறந்திருக்கும்.

இணையப் பாடத்தை எங்கிருந்தும் பதிவுசெய்யலாம். இந்தச் சனிக்கிழமை உங்கள் மண்டபத்தில் செய்யட்டோ? வெள்ளிக்கிழமைக் கடைசிப் படகைப் பிடிக்கப் பார்க்கிறேன்.

ஜெகதீஸ்

---

நயினாதீவு
10.06.2025

மகனுக்கு,

மண்டபம் கூட்டியாயிற்று. பஸ் பிந்தினால் துறையில் ஓடி விழாதே. காலைப் படகுக்கும் படலை திறந்திருக்கும்.

அம்மா