ஒரு கரண்டி உறைமோர்

ஐப்பசி 9, புதன்

விடியலில் தூறல். மேற்கே மலை தெரியவில்லை. கொல்லையில் தொழுவத்துக்குக் கூரை போட்டு முடிந்தது. மூன்று நாள் வேலையை ஆறு நாள் இழுத்தார்கள். சண்டைக் காலம், கம்பி கிடைக்கவில்லை. கயிற்றால்தான் கட்டு. தரைக்குக் கல் பாவச் சொன்னேன். மாடு வழுக்கும், மண்ணை அடித்துக் கெட்டிப்படுத்தினால் போதும் என்றார் கூரைக்காரர். இருபது வருஷம் ஏலத்தோட்டத்தில் ரைட்டராக ஆள்கணக்கு எழுதியவனுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்.

வாங்க வேண்டியவை: தயிர்ப்பானை 2, மத்து, உறி, கறவைச் செம்பு, கன்றுக்குக் கயிறு, பருத்திக்கொட்டை அரை மூட்டை.

அடுக்களை முழுக்க ராசம்மாள் சொல்லி வைத்தபடி. மலையில் எங்கள் குடித்தனம் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை. மாடு வைக்கத் துரை விடமாட்டார். படுத்துக்கொண்டே கூரையைப் பார்த்து ஊர் வீட்டைக் கட்டுவாள். பாலுக்குத் தனி அடுப்பு, சன்னலுக்குக் கீழே. மத்துக்கயிறு மாட்ட ஒரு தூண். உறி அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், கரி விழும். காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்து, வருகிற கார்த்திகையோடு ஒரு வருஷம்.

தூணில் ஆணியை அவள் உயரத்துக்கு அடித்துவிட்டேன். கடையப் போவது நான்.

ஐப்பசி 10, வியாழன்

மழை இல்லை. காமயகவுண்டன்பட்டியிலிருந்து மாட்டை நடத்தியே கொண்டுவந்தேன். செவலை. இரண்டாம் ஈத்து, பெண் கன்று. வழியெல்லாம் நின்று நின்று திரும்பிப் பார்த்தது. விற்றவர் ஊர் எல்லை வரை கூட வந்தார். "பழகுற வரைக்கும் அதுகிட்டப் பேசிக்கிட்டே இருங்க. எங்க வீட்டுல எந்நேரமும் பொம்பளைக பேச்சுத்தான். பேச்சுச் சத்தம் கேட்டாத்தான் பால் எறக்கும்" என்றார்.

என்ன பேசுவது? தோட்டத்து ஆட்கள் பேரை மேலிருந்து கீழே ஒப்பித்தேன். முப்பதாவது பேரில் உதைத்தது. செம்பு உருண்டது. சுவருக்கு அந்தப்பக்கம் பொன்னுத்தாய் சிரித்த சத்தம். அடுத்த வீட்டு மருமகள், எனக்கும் முறைக்கு மருமகள்தான். ஊர் வந்து ஆறு மாதத்தில் அவளிடம் நான் பேசியது நாலு வார்த்தை இருக்கும்.

ஐப்பசி 11, வெள்ளி

அரைப்படி கறந்தேன். விரல் மரத்துப் போயிற்று.

கழனித்தண்ணி: ஒருத்தன் சோற்றுக்கு அரிசி களைந்தால் ஒரு செம்பு. செவலை ஒரு மடக்கில் உறிஞ்சிவிட்டு என்னையே பார்த்தது. பொன்னுத்தாய் வீட்டில் எட்டுப் பேர். அவர்கள் எருமைக்கு இரண்டு குடம் வைக்கிறார்கள்.

சாயங்காலம் வரட்டித் தணலில் பால் காய்ந்து மேலே சிவந்த ஆடை. அவள் சொன்ன மாதிரியே. அப்புறம்தான் உறைத்தது, உறை ஊற்ற மோர் இல்லை. இத்தனையும் எழுதினவன் அதை எழுதவில்லை. எழுதினாலும் கடையில் விற்கிற சாமானா? பெண்கள் ஒருத்தி அடுக்களை வாசலில் ஒருத்தி நின்று கேட்டு வாங்குவது. ஐம்பது வயது ஆண்பிள்ளை கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதா. ஊரில் விளக்கும் வைத்தாயிற்று, இனி யாரும் தரமாட்டார்கள். நல்ல சாக்கு. புளி போட்டேன்.

ஐப்பசி 12, சனி

திரிந்துவிட்டது. கழனியில் கலந்து வைத்தேன். செவலைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இன்றைக்கு, காய்ந்த மிளகாயின் காம்பு ஏழெட்டு, வெதுவெதுப்பான பாலில். மலையில் ஒரு மலையாளத்துச் சமையல்காரர் செய்வார்.

ஐப்பசி 13, ஞாயிறு

கொழகொழவென்று ஏதோ. ஆனால் புளிப்பு உண்டு. அதில் ஒரு கரண்டி புதுப் பாலில்.

ஐப்பசி 14, திங்கள்

உறைந்தது! பானையைச் சாய்த்தாலும் அசையவில்லை. யார் வீட்டு மோரும் இல்லாமல் என் வீட்டுத் தயிர்.

தெருவில் ஒருவர், "என்ன ரைட்டரே, மாடு பழகிருச்சா?" பழகிவிட்டது என்றேன். தயிரைச் சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் போய்விட்டார். செவலையிடம் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன், மிளகாய்க் காம்பு உட்பட.

ஐப்பசி 16, புதன்

கடைந்தேன். ஆணி தாழ்வு, முதுகு ஒடிகிறது. பிடுங்கி மேலே அடிக்கலாம். மனம் வரவில்லை. முக்காலி போட்டு உட்கார்ந்து கடைந்தேன். எலுமிச்சை அளவு வெண்ணெய். ஒரு பானை மோர். ஒருத்தன் எவ்வளவு குடிப்பான்? இந்த ஊரில் மோரை விற்பதில்லை, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பது. கேட்டு யாராவது வர வேண்டுமே. வாழை அடியில் ஊற்றினேன். அழுகை வந்துவிட்டது. மோருக்காக அழுகிறவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

ஐப்பசி 18, வெள்ளி

பகலெல்லாம் மழை, பொழுது சாய வெறித்தது. சாமி விளக்கை ஏற்றிவிட்டுக் கன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே பொன்னுத்தாய் தலை. கையில் கிண்ணம்.

"மாமா, வெளக்கு வச்ச பெறகு கேக்கக் கூடாதுதான். நாளைக்கு எல்லாரும் குச்சனூர் கோயிலுக்குப் போறோம், கட்டுச்சோத்துக்குத் தயிர் வேணும். பூனை தாவி இருந்த மோரைக் கவுத்துருச்சு. ஒங்க வீட்டுல நல்லா ஒறஞ்சிருக்குன்னு மாட்டுக்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தீக, அங்கன கேட்டுச்சு. ஒரு கரண்டி தாங்க."

நான் சொன்னது: "வெளக்கு வச்ச வீட்டுலருந்து மோரு வெளிய போகாது ஆத்தா."

ராசம்மாளின் வாக்கியம். லயத்தில் நேரம் தப்பிக் கேட்டு வருகிறவர்களிடம் இருபது வருஷம் அவள் சொன்னது, எழுத்து மாறாமல். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரிதான் மாமா" என்று இறங்கிவிட்டாள். கோபமில்லை. உள்ளே வந்து பானையைத் திறந்து பார்த்தேன். நிறையத் தயிர். கூப்பிட்டிருக்கலாம். பானையை மூடி வைத்தேன். இவ்வளவு நாள் எதற்குக் காத்திருந்தேனோ அது வந்து நின்றது, நானே அனுப்பிவிட்டேன்.

ஐப்பசி 19, சனி

கருக்கலிலேயே எழுந்து ஒரு கிண்ணம் நிறையத் தயிரோடு போனேன். வாசலில் வண்டி பூட்டியாகிவிட்டது. பொன்னுத்தாய் சோற்றுப் பானையின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மேலத்தெருவுல ஒரு வீட்டுல அதுவரைக்கும் வெளக்கு வைக்கல மாமா. அங்கன வாங்கி ஒறை ஊத்திட்டேன்."

கிண்ணத்தைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன். பத்திரமாகப் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாலையில் இன்னும் நாலைந்து வண்டிகள், எல்லாம் குச்சனூருக்கு. அந்தத் தயிரை நானே சாப்பிட்டேன்.

ஐப்பசி 20, ஞாயிறு

மூட்டம். பால் ஒரு படி, உதை இல்லை.

அடுத்த வீட்டார் திரும்பிவிட்டார்கள், பேச்சுச் சத்தம் கேட்கிறது. சாயங்காலம் கறக்கும்போது செவலையிடம் கொஞ்சம் உரக்கவே பேசினேன்: தயிர் நிறைய இருக்கிறது, நேற்றைக் கடைசல் மோரும் இருக்கிறது என்று. அது காதை ஆட்டிற்று.

விளக்கைத் துலக்கித் திரி போட்டு எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டேன். ஏற்றவில்லை. ராசம்மாள் இருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். ஒரு கிண்ணத்தில் மோர் எடுத்துச் சுவர் ஓரம் உட்கார்ந்திருக்கிறேன், நோட்டோடு. பொன்னுத்தாய் வீட்டில் விளக்கு வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டில் வைத்துவிட்டார்கள். எழுதுவது எனக்கே தெரியவில்லை, வரிமேல் வரி ஏறுகிறதோ என்னவோ. நான் இன்னும் வைக்கவில்லை