ஆழ்கடலில் நீங்கள் பார்த்த கணவாய்

இன்று காலை கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில், கடலூரிலிருந்து வந்த கணவாய் மீனை ஐஸ் மேல் கொட்டி வைத்திருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்களோடு சண்டை போட வேண்டும் போலிருந்தது. போய்ச் சேர்ந்த மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? அதனால் எழுதுகிறேன்.

கடலில் எண்ணெய் எடுக்கும் கப்பலில் நீங்கள் சமையல்காரர். ஒப்பந்தம் முடிவதற்குள், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு நாள் நம் ஊர் வடக்கனந்தலில் வந்து இறங்கினீர்கள். பெட்டியில் பிள்ளைகளுக்கென்று ஒரு மிட்டாய்கூட இல்லை. கேட்டதற்கு, லீவு கொடுத்தார்கள் என்றீர்கள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது.

பிறகு கோமுகி அணைக்குக் கூட்டிப்போய் அந்தக் கதையைச் சொன்னீர்கள். கடலடியில் இறக்கும் கேமராவின் திரையில் ஒரு கணவாய் வந்ததாம். எதிரே தெரிந்த கல்வராயன் மலையைக் காட்டினீர்கள்.

"இந்த மலைய அப்டியே தண்ணிக்குள்ள கவுத்தாலும் தரை தட்டாது, அவ்ளோ ஆழம். உடம்பு ஒரு முழம்தான். கையெல்லாம் முழங்கை மடக்குனாப்ல நீட்டிக்கினு, அதுக்குக் கீழ நூலு நூலா தொங்குது. நம்ம வூட்டு உசரத்துக்கு மேல இருக்கும். ஆடாம அசையாம நின்னுக்கினு இருந்துச்சு."

நான் உங்கள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறைக்க ஏதோ இருப்பவர்கள்தான் இப்படிப் பெரிய கதையாகச் சொல்வார்கள் என்று பட்டது. சமையல்காரருக்குக் கேமரா அறையில் என்ன வேலை என்று கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து நடந்தீர்கள். அதற்கப்புறம் எத்தனையோ தடவை மடக்கி மடக்கிக் கேட்டுப் பார்த்தேன். அதே கதையை ஒரு சொல் மாறாமல் சொன்னீர்கள். மனப்பாடம் செய்து வைத்திருக்கிறீர்கள் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

உங்களுக்குத் தெரியாமல் கடலூர்க்காரருக்குப் போன் போட்டேன். கப்பலில் அந்தக் கேமராவை ஓட்டியவர், உங்கள் கூட்டாளி. அப்படி எதுவும் நடக்கவில்லை, சமையல் ஆட்களை அந்த அறைக்குள் விடவே மாட்டார்கள் என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. துறைமுகத்துப் பக்கம் எவளோ இருக்கிறாள் என்று முடிவு கட்டி, பிள்ளைகளோடு நைனார்பாளையத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். நீங்கள் வந்து வாசலில் நின்றீர்கள். "நான் பாத்தது நெசம். நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம்" என்றீர்கள். வேறு விளக்கம் இல்லை. பிள்ளைகளுக்காகத் திரும்பி வந்தேன். சந்தேகமும் அதே பஸ்ஸில் வந்தது.

நீங்கள் மறுபடி கப்பல் ஏறவில்லை. கச்சிராயபாளையத்தில் டிபன் கடை போட்டீர்கள். வருஷங்கள் கழித்து, நம் பையன் செல்போனில் அதே மாதிரி ஒரு கணவாயைக் காட்டினான். வேறு எங்கோ, வேறு கப்பல்காரர்கள் எடுத்த படம். உலகத்திலேயே ரொம்பக் கொஞ்சம் பேர்தான் அதைப் பார்த்திருக்கிறார்களாம். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். எனக்கோ, இப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் கதை கட்டினீர்களோ என்று தோன்றியது.

உங்கள் காரியத்துக்குக் கடலூர்க்காரர் வந்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, அவராகவே என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அன்று உங்களை உள்ளே கூப்பிட்டதே அவர்தானாம். அதிகாரி பார்த்துவிட்டபோது, நானாகத்தான் நுழைந்தேன் என்று நீங்கள் பழியை ஏற்றுக்கொண்டீர்களாம். அதனால்தான் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம்.

"நெசத்த சொன்னா என் வேல பூடும்னு பயந்துட்டேங்க அண்ணி. அவரும் கடைசிவரைக்கும் என்னக் காட்டிக் குடுக்கல."

அப்போதும் நான் உடனே நம்பவில்லை. தாலி இழந்தவளுக்கு ஆறுதலாக ஏதோ சொல்கிறார் என்றே நினைத்தேன். அந்தக் கணவாயைப் பார்த்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "'எம் பொண்டாட்டிகிட்ட போயி சொன்னா, நம்பவே மாட்டா'ன்னாருங்க. சொல்லிட்டு, சிரிச்சிக்கினே பாத்துக்கினு இருந்தாரு."

அது உங்கள் பேச்சுதான். இன்னொருவரால் கட்டிச் சொல்ல முடியாது.

என் குணம் ஒன்றும் மாறிவிடவில்லை. மகன் ஊரிலிருந்து பேசினாலும் குரலில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றுதான் காது தேடுகிறது. ஆனால் எளிதில் யார் கண்ணிலும் படாத ஒன்று எதிரே வந்து நின்றபோது, உங்களுக்கு என் நினைப்பு வந்திருக்கிறது. அதை மட்டும் நான் யாரிடமும் மடக்கிக் கேட்டுப் பார்க்கவில்லை.