இடுக்குச் சிலந்தி வெளியே வரும் விதம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா புவனேஸ்வரி எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, உன் மாமா, குழந்தை ரோஜா, நான் எல்லோரும் முழுசாக இருக்கிறோம். முரளி மட்டும் முழுசாக இல்லை. அதைக் கீழே எழுதுகிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் நம்பர் போலீஸிடம் இருக்கிறது. செத்துப்போன ஸ்டீபனின் ஆட்களிடமும் இருக்கிறது. இதை லாரியில் வரும் நம்மூர்க்காரர் உன் கையில் தருவார். அவர் பெயரையும் நீ இருக்கும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. படித்ததும் கிழித்துவிடு. உனக்குப் பழைய பொருளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் உண்டு. இரும்புக் கழிவுத் தொழிலில் அது நல்ல குணம், இதற்கு ஆகாது.

ஸ்டீபன் வழக்கில் உன்னோடு சேர்த்துத் தேடப்படும் முரளி, அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் அவன் அத்தை வீட்டில் உன்னைப் போலவே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். பெண்டாட்டிக்கு இடுப்புவலி வந்துவிட்டது, திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று யாரோ போன் செய்திருக்கிறார்கள். அவளுக்கு இன்னும் மாதம் ஆகவில்லை. அவள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இவன் புத்திசாலித்தனமாகத் திருவள்ளூரில் இறங்காமல் அதற்கு முன்பே கடம்பத்தூரில் இறங்கியிருக்கிறான். அவர்களும் புத்திசாலிகள். வேலை விட்டு ஜனம் திரும்பும் நேரத்தில், பிளாட்பாரத்திலேயே வெட்டினார்கள். வலது கால், முழங்காலுக்குக் கீழே. அங்கே நின்றிருந்த அத்தனை பேரும் உடனே போனைக் கையில் எடுத்தார்கள். ஒருவர்கூட யாருக்கும் போன் செய்யவில்லை. வீடியோ நன்றாக வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். உயிர் இருக்கிறது. காலை ஒட்ட வைக்க முடியவில்லை.

இனி என் சிலந்தியைப் பற்றி. சிரிக்காதே, காரணம் இருக்கிறது. "இன்னாக்கா, நம்ம ஊட்லயே இவ்ளோ ஒட்டடை கீது, அத்த உட்டுட்டு சிப்காட் செவுத்துல போய்த் தேடிக்கினு கீறே" என்று நீ எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய். ஆராய்ச்சிப் பட்டத்துக்காகத்தான் என்று சொல்லி முடித்துவிடுவேன். இன்றைக்கு நீளமாகச் சொல்கிறேன். கல்லூரியில் என் மாணவர்கள் தூங்கிவிடுவார்கள். உனக்கு இப்போது தூக்கம் அவ்வளவாக வராது என்று நினைக்கிறேன்.

நான் படிப்பது சுவர் இடுக்கில் வாழும் ஒரு சிலந்திக் குடும்பம். தமிழில் பெயர் இல்லை. நானே இடுக்குச் சிலந்தி என்று வைத்துக்கொண்டேன். செங்கல் பூச்சு உதிர்ந்த விரிசலில் குழாய் போலக் கூடு கட்டி, வாசலைச் சுற்றி நூல்களை நாலாபக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நூலில் பசை கிடையாது. பின்னங்காலில் இருக்கும் சீப்பால் வாரி வாரி எடுத்த கம்பளி நூல். பூச்சியின் கால் அதில் சிக்கினால் சிக்கியதுதான். எட்டுக் கண்ணும் நெற்றியில் ஒரே மேட்டின் மேல் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அவ்வளவு கண் இருந்தும் பார்வை மட்டம். எல்லாம் நூலின் அதிர்வில்தான்.

இதற்கு உறவினர் யார் என்று அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். பெண்ணின் இனப்பெருக்க உறுப்பு எளிமையானது. அதைப் பார்த்தவர்கள் ஒரு கூட்டத்தில் சேர்த்தார்கள். நூலைச் சீப்பால் வாருகிறது. அதைப் பார்த்தவர்கள் வேறு கூட்டத்தில் சேர்த்தார்கள். இத்தனை சண்டையிலும் ஒரு அறிஞருக்கும் கால் போனதாகத் தகவல் இல்லை. நம் சிப்காட்டில் வகைப்பாடு சுலபம். தேவராஜன் ஆள், ஸ்டீபன் ஆள். கழிவு இரும்பை யார் அள்ளுவது என்பதுதான் ஒரே அடையாளம். இரண்டு வகையிலும் சேராதவனை இரண்டு பேரும் வெட்டுவார்கள்.

சிலந்திக்கும் கால் போகும். எதிரி பிடித்துக்கொண்டால் முட்டியில் தானே கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவிடும். அடுத்த முறை தோல் உரிக்கும்போது புதுக்கால் முளைக்கும். முரளியின் அம்மாவிடம் இதைச் சொல்ல நினைத்து, நல்லவேளையாகச் சொல்லவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். இடுக்குக்குள் இருப்பதை வெளியே கொண்டுவருவது கஷ்டம். குச்சியால் குத்தினால் இன்னும் உள்ளே போகும். தண்ணீர் ஊற்றினாலும் வராது. நான் ரோஜாவின் பேட்டரி பல் பிரஷை எடுத்துப்போவேன். அதை ஓடவிட்டு, வாசலில் இருக்கும் ஒரே ஒரு நூலை மெதுவாகத் தொடுவேன். அவ்வளவுதான். ஏதோ தனக்கென்றே வந்திருக்கிறது என்று அது பாய்ந்து வெளியே வரும். நான் பாட்டிலைக் கவிழ்ப்பேன். உள்ளே சாராயம் இருக்கும்.

நான் கட்டிக்கொண்ட உன் மாமா பூவராகவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அவருக்கு இருப்பது பேனர் ஆசை. வரும் ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் பக்கத்தில் நம் குலதெய்வம் கோயிலில் ரோஜாவுக்குக் காதுகுத்து என்று முடிவானதும், என்னைக் கேட்காமல் இரண்டு பேனர் அடித்தார். ஒன்று நம் தெரு முனையில், ஒன்று கோயிலில். நம் பக்கத்தில் பேனர் என்றால் யார் படம் எந்த அளவில் என்பதில் அடிதடி நடக்கும். அதனால் தாய்மாமன் படத்தைக் குழந்தை படத்தைவிடப் பெரிதாகப் போட்டுவிட்டார். கூலிங்கிளாஸோடு நீ. கீழே "தாய்மாமன் மடியில் எங்கள் குட்டி தேவதை". கொலை வழக்கில் தேடப்படும் ஆளுக்குத் தேதி, நேரம், இடம், அன்னதான விவரம் எல்லாம் போட்டு வண்ணத்தில் பேனர் வைத்த ஒரே குடும்பம் நாமாகத்தான் இருப்போம். கேட்டதற்கு, "தாய்மாமன் பேரு போடாத இன்னா காதுகுத்து? நாளைக்கு நாலு பேரு கேட்டா உன் தம்பிக்குதானே அசிங்கம்?" என்றார்.

அதோடு போயிருந்தால் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பேன். நேற்று சிப்காட் வளைவில் மூன்றாவது பேனர் ஒன்றைப் பார்த்தேன். மாமா அடித்த இரண்டையும் சேர்த்தால்கூட அவ்வளவு பெரிதில்லை. அதில் குழந்தை படம் இல்லை, அம்மா படம் இல்லை. நீ மட்டும் இருக்கிறாய். "அக்கா மகளுக்கு மடி கொடுக்க வரும் பாசத் தாய்மாமன் செங்கல்வராயன் அவர்களே வருக வருக." வழக்கமாகக் கீழே இவண் என்று நாற்பது பேர் பல்லைக் காட்டுவார்கள். இதில் ஒருவர் பெயரும் இல்லை. மாமாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். தான் வைக்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டு, கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்து, "பாத்தியா, மச்சானுக்கு இன்னா மரியாத" என்றார். கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்தால் உன் குரல் பதிவு. யாரோ படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். "அக்கா, பேனர் சும்மா கெத்தா கீதுக்கா. யாரு தடுத்தாலும் மடி என்னுதுதான். ஞாத்திக்கெழம வந்துகினே கீறேன்." அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். நான் பல் பிரஷ் ஓடும் சத்தத்தைத்தான் கேட்டேன்.

அன்று சாயங்காலமே ஸ்டீபனின் தம்பி அன்புசெல்வன் வீட்டு வாசலுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான். "பத்திரிக வைக்கலயேக்கா எங்களுக்கு? ஒரே ஊரு, வந்து சோறு துண்ணுட்டுப் போமாட்டமா?" என்று கேட்டான். மாமா மஞ்சள் தடவிய பத்திரிகையை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். முறை என்று ஒன்று இருக்கிறதாம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வலது கை மணிக்கட்டில் புதுக்கயிறு கட்டியிருந்தான். முரளிக்கு அடுத்த ஆளுக்காகப் போட்ட சபத முடிச்சு என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

இன்று காலை ஸ்டீபனின் பெண்டாட்டி கிரேஸ் வந்தாள். உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "உன் தம்பி வர்றானாக்கா?" என்றாள். தெரியாது என்றேன். "வந்தா இவுங்கோ கையில மாட்றதுக்கு முன்ன எனக்கு ஒரு தபா காட்டு. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். கடசியா அவுரு இன்னா சொன்னாருன்னு மட்டும் கேக்கணும். கூட இருந்தவன் அவன்தானே" என்றாள். ஆறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நீயும் ஸ்டீபனும் என்று அவளுக்கும் தெரியும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாள்.

தம்பி, நீ வண்டி மட்டும்தான் ஓட்டினாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அவள் நம்புகிறாள். ஸ்டீபன் செத்த அன்று, மூடிக் கிடக்கும் அந்த உருக்காலையின் பின்சுவரில் நான் சிலந்தி தேடிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டபோது, சார், சிலந்திக்கு எட்டுக் கண், எனக்கு இரண்டு, இரண்டும் இடுக்கில் இருந்தன என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பொய் இல்லை. சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். வண்டி நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை.

காது இடுக்கில் இல்லை. "டேய் செங்கல்லு, நாந்தான்டா" என்று ஸ்டீபனின் குரல் கேட்டது. இரண்டாவது முறை "செங்கல்லு" வரைக்கும்தான் கேட்டது.

அதனால் நீ வரக் காரணம் எதுவும் இல்லாமல் செய்துவிட்டேன். கிரேஸ் போன பிறகு, இன்று மத்தியானம் ரோஜாவைப் பொன்னேரிக்குக் கூட்டிப்போய் ஒரு நகைக்கடையில் காது குத்திவிட்டேன். கொட்டாங்குச்சியில் சந்தனம் இல்லை, ஆசாரி இல்லை. ஒரு பெண் கையில் பிளாஸ்டிக் துப்பாக்கி. டக் டக் என்று முடிந்துவிட்டது. என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். முதல் காதுக்கு அழவில்லை, ஏனென்றால் அவளுக்குத் தெரியாது. இரண்டாவதுக்குத்தான் அழுதாள். உன்னைத்தான், மாமா எங்கே என்று கேட்டாள். மாமாவுக்கு வேலை என்றேன். அதிலிருந்து அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் மாமா பிரியாணிக்குச் சொல்லிவிட்டபடியால், காது குத்திய குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து நடக்கும். அன்புசெல்வன் ஆட்கள் வந்து காத்திருக்கட்டும். சோறு துண்ணுட்டுப் போகட்டும்.

நீ வராதே. மடிக்கு இங்கே வேலை இல்லை.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்தக் குடும்பத்தில் ஆண் கடைசித் தோலை உரித்ததும் பெரிய ஆளாகிவிட்டதாக எண்ணி இடுக்கை விட்டு வெளியே நடக்கும். சரியாகச் சாப்பிடாது. சில மாதத்தில் எங்காவது சுவரடியில் காய்ந்து கிடக்கும். பெண் அப்படி இல்லை. வளர்ந்து முடிந்த பிறகும் தோலை உரித்துக்கொண்டே இருக்கும். அதே இடுக்கில் பல வருஷம் இருக்கும். ஆண்பிள்ளை என்று உன்னை அம்மா செல்லமாக வளர்த்துவிட்டாள். அக்கா சொல்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் பெண்ணாக இரு.

என்றாவது வெளியே வரத்தான் வேண்டும். அன்று எந்த நூலும் ஆடாமல் நீயாக வா. வக்கீலோடு, பகலில், கோர்ட்டு வாசலுக்கு வா. கிரேஸுக்குப் பதில் சொல்ல வா. அவள் திரும்பக் கேட்டால் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அது நான் சொல்ல வேண்டியது இல்லை.

அதுவரைக்கும் உன் கால் உன்னிடமே இருக்கட்டும். தோல் மேல் தோல் உரித்து, இந்தத் தோலும் ஒரு நாள் உரிந்து, நெடுநாள் இரு தம்பி.

இப்படிக்கு,
உன் அக்கா
புவனேஸ்வரி

ரோஜாவின் காது இன்னும் சிவந்திருக்கிறது. மாமாவுக்குப் படம் அனுப்பு என்கிறாள். அனுப்பமாட்டேன்.