கார்டில் இரண்டு தாயாரம்மாள்

4-3-1991
மாமியாரின் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. உறவெல்லாம் கிளம்பிவிட்டது. இனி வீட்டில் அவரும் நானும்தான். அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் பாத்திரம் துலக்கும்போது இன்னொன்றும் தோன்றியது — இனியாவது என் பேர் எனக்குத் திரும்பி வருமா?

அத்தை பேரும் தாயாரம்மாள், என் பேரும் தாயாரம்மாள். கல்யாணத்தன்றே சொல்லிவிட்டாள்: "எம் பேரைச் சொல்லி எம் புள்ள உன்னை வாடி போடின்னு கூப்பிடுவானா? இனிமே நீ ரமா." தாயார் என்றாலும் மகாலட்சுமி, ரமா என்றாலும் மகாலட்சுமி, அர்த்தம் ஒன்றுதானே என்று புரோகிதரும் தலையாட்டினார். அர்த்தத்தையா கூப்பிடுகிறார்கள்? திருநீர்மலைத் தாயாரிடம் ஏழு வருஷம் வேண்டிப் பெற்ற பெண் என்று அப்பா ஆசையாக வைத்த பேர். அப்பாவும் போனபிறகு அதைச் சொல்ல ஆளில்லை.

பன்னிரண்டு வருஷம்.

9-3-1991
கேட்டேவிட்டேன். "அம்மா பேரைச் சொல்லி உன்னை எப்படிக் கூப்பிடறது? இப்பப் போய் இன்னா பேச்சு இது?" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் மட்டும் என்ன, அவர் பேரை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. நியாயம்தானே, விடு.

விட முடியவில்லை.

22-4-1991
அத்தை பேரை நீக்கச் சொல்லிக் கொடுத்த ரேஷன் கார்டு இன்று திரும்பி வந்தது. அறுபத்தெட்டு வயசுத் தாயாரம்மாள் அப்படியே இருக்கிறாள். முப்பத்து நாலு வயசுத் தாயாரம்மாளை அடித்துவிட்டார்கள்! கார்டின்படி செத்தது நான்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்ததும் என்னவோ போல் ஆகிவிட்டது.

2-5-1991
நான்தான் தாயாரம்மாள் என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த வீட்டு ஹஃபீசாகூட, "என்ன ரமாக்கா, அது உங்க மாமியார் பேருல்ல?" என்றாள். பத்து வருஷப் பழக்கம்! பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட்டை எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டுப் போட்டாள், பாவம்.

அவள் போனபின் நானே அதை இன்னொருதரம் படித்தேன்.

14-6-1991
அவரும் நானும் ஹஃபீசாவும் தாம்பரம் கார்டு ஆபீசுக்குப் போனோம். பெஞ்சில் வெகுநேரம் காத்திருந்தோம். உள்ளேயிருந்து ஒரு குரல், "தாயாரம்மா!"

யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். அத்தை மூட்டுவலிக்காரி ஆயிற்றே, பிடித்து எழுப்ப வேண்டுமே என்று நான் பக்கத்தில் கையை நீட்டிவிட்டேன்.

"அக்கா, உங்களத்தான்" என்று ஹஃபீசா இடித்தாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

கார்டைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பெருங்களத்தூரில் பஸ் நின்றது. "ரமா, இறங்கு" என்றார்.

உடனே இறங்கினேன்.